படியளந்த போர்: சென்னை மாகாணமும் அரிசிப் பங்கீடும், 1939–1952

1. கேள்வி

இரண்டாம் உலகப் போர் தமிழகத்தை எப்படி மாற்றியது என்ற கேள்விக்கு நம் வரலாற்று நூல்களில் வழக்கமாக மூன்று விடைகள் கிடைக்கின்றன. ஒன்று அரசியல் சார்ந்தது: ராஜாஜி அமைச்சரவையின் பதவி விலகல், ஆகஸ்ட் போராட்டம், மலேயாத் தமிழர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது. இன்னொன்று இடப்பெயர்வு சார்ந்தது: பர்மாவிலிருந்து மலையும் காடும் கடந்து நடந்தே வந்தவர்களின் துயரம். மூன்றாவது, 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வருகிறது என்ற செய்தியில் சென்னை நகரம் காலியான கதை. மூன்றும் உண்மை. ஆனால் போரில் பங்கேற்காதவர்கள், இடம்பெயராதவர்கள், குண்டுச் சத்தமே கேட்காதவர்கள் என்று மாகாணத்தில் கோடிக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களிடம் போர் எந்த வழியாக வந்து சேர்ந்தது?

அரிசி வழியாக என்பதே இக்கட்டுரையின் விடை. 1939க்கு முன் தானிய வணிகத்தில் கைவைப்பதைத் தவறென்றே கருதிய காலனி அரசு, போர் முடியும்போது யார் வீட்டில் எத்தனை வாய் என்று எண்ணி அட்டை எழுதிக்கொண்டிருந்தது. விளைச்சலில் எவ்வளவு அரசுக்குத் தரவேண்டும், எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்கு மூட்டை போகலாம், பங்கீட்டில் நபருக்கு எத்தனை அவுன்ஸ் என்பதையெல்லாம் அரசே முடிவு செய்தது. இம்மாற்றம் எப்படி நிகழ்ந்தது, அதன் சுமையை யார் தாங்கினார்கள், போர் முடிந்தபின் அதில் எது உதிர்ந்தது, எது தங்கியது என்பவற்றை இங்கே ஆராய்கிறேன். சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாட்டோடு கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென்கன்னடம் ஆகிய பகுதிகளையும் உள்ளடக்கியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2. போருக்கு முன்: தலையிடாமை என்ற கொள்கை

தானிய வணிகத்தில் அரசு தலையிடக்கூடாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆட்சியாளர்களுக்குப் பொருளியல் கோட்பாடு மட்டுமன்று; ஏறக்குறைய சமய நம்பிக்கை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின் தொடக்கத்தில் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் அர்பத்னாட் நிறுவனத்தின் வழியாக அரசுச் செலவில் தானியம் வாங்கினார். அதற்காக மத்திய அரசு அவரைக் கண்டித்தது. நிலைமையைப் பார்வையிட அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணக் கூலியை நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவுக்குக் குறைத்தார். அந்தப் பேரழிவுக்குப்பின் உருவான பஞ்ச விதித்தொகுப்பும் வணிகத்தைத் தொடவில்லை. பஞ்சம் அறிவிக்கப்பட்டால் கல்லுடைத்து, குளம் வெட்டிக் கூலி பெறலாம். அந்தக் கூலியைக் கொண்டு சந்தையில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடும் வேலைக்கு வர ஒப்புக்கொள்பவரே உண்மையில் பசித்தவர் என்ற சோதனை அதற்குள் இருந்தது.

முதல் உலகப் போர் இந்த அமைப்பை உலுக்கியதே தவிர மாற்றவில்லை. 1918இல் அரிசி, துணி, உப்பு, மண்ணெண்ணெய் விலைகள் ஏறியபோது மாகாணம் முழுவதும் சந்தைச் சூறையாடல்கள் நிகழ்ந்தன. செப்டம்பரில் சென்னை நகரிலும் கடைகள் தாக்கப்பட்டன. இவற்றை விரிவாக ஆராய்ந்த டேவிட் அர்னால்ட், வணிகர் நியாய விலைக்கு விற்க வேண்டும், அதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மக்களிடம் இருந்ததைக் காட்டுகிறார். அரசோ காவல் துறையை அனுப்பியது. சில தற்காலிக ஏற்பாடுகளைச் செய்தது. நெருக்கடி தணிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது.

ஆகவே 1939இல் இரண்டு மரபுகள் அருகருகே இருந்தன. மக்கள் பக்கம், விலைக்கு அரசு பொறுப்பு என்ற எண்ணம். அரசின் பக்கம், பஞ்சத்துக்குப் பொறுப்பேற்போம், விலைக்கு மாட்டோம் என்ற எல்லைக்கோடு. இந்தக் கோட்டை அழித்தது மக்களின் கிளர்ச்சி அன்று, கடல்வழி அடைபட்டதுதான்.

3. பர்மா அறுந்தபோது

போருக்கு முன் உலகில் மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் ஏற்றுமதியில் பாதியளவு இந்தியாவுக்கு வந்தது. இந்தியாவின் மொத்த நுகர்வோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கு. அதனாலேயே தொடக்கத்தில் தில்லியில் பெரிய கவலை எழவில்லை. ஆனால் இந்தச் சிறு பங்கு நாடெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. மலபாரும் திருவாங்கூரும் கொச்சியும் தேங்காய், மிளகு, ரப்பர் ஆகியவற்றை விற்று வெளியரிசியை வாங்கி உண்ட பகுதிகள். சென்னை நகரமும் தென் மாவட்டங்கள் சிலவும் அப்படியே. ரங்கூன் அரிசி என்பது இவற்றில் ஏழைகளின் அன்றாட உணவு.

பர்மாவோடு தமிழகத்துக்கு இருந்த பிணைப்பு அரிசியோடு நிற்கவில்லை. 1930களின் பெருமந்தத்தில் கடன் அடைபடாமல் போனதால், கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசம் வந்த நிலம் 1938க்குள் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ கால்பங்காகியிருந்தது. தஞ்சை, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் தெலுங்குக் கடலோரத்திலிருந்தும் கூலியாட்கள் ஆண்டுதோறும் கப்பலேறினார்கள். அரிசி இக்கரைக்கு வந்தது. உழைப்பும் மூலதனமும் அக்கரைக்குப் போயின. வட்டியும் கூலிச் சேமிப்பும் திரும்பி வந்தன.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. ஏறத்தாழ 7.8 லட்சம் பேர் வாழ்ந்த சென்னையிலிருந்து அந்த மாதத்தில் பெருந்திரளானோர் வெளியேறினார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு நகரங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. இந்தப் பீதியை ஆராய்ந்த இந்திவர் காம்தேக்கர், ஆட்சியாளரே ஓடத் தயாராகிறார்கள் என்ற காட்சி ஆட்சியின் மீதான நம்பிக்கையைக் குலைத்ததைச் சுட்டுகிறார். சில வாரங்களில் மக்கள் திரும்பிவந்தார்கள். அரிசிக் கப்பல் திரும்பவில்லை.

பஞ்சம் என்பது மழை பொய்த்ததால் வருவது என்றிருந்த பழைய அனுபவம் இங்கே உதவவில்லை. தஞ்சையிலும் கிருஷ்ணா–கோதாவரிக் கழிமுகங்களிலும் நெல் விளைந்தது. ஆனால் அதை ஏற்றிச்செல்ல வேண்டிய ரயில் வண்டிகள் படைத்தளவாடங்களுக்குப் போய்விட்டன. இருப்பு வைத்தவர் விலை இன்னும் ஏறும் என்று காத்திருந்தார். ஒவ்வொரு மாகாணமும் தன் தானியம் வெளியே போகாமல் தடுத்துக்கொண்டது.

இதனோடு பணமும் பெருகியது. இந்தியாவில் செய்யப்பட்ட போர்ச் செலவில் பிரிட்டன் தன் பங்கை லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைத்தது. அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் அச்சிடப்பட்டது. 1939இல் 200 கோடி ரூபாய்க்கும் குறைவாகப் புழங்கிய நோட்டுகள் 1945இல் 1,100 கோடியைத் தாண்டின. நோட்டு பெருகியதற்கு எதிர்மாறாகச் சில்லறைக்குத் தட்டுப்பாடு. வெள்ளி நாணயம் பதுக்கப்பட்டதால் 1940இல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. உலோகத்தை மிச்சப்படுத்த 1943இல் நடுவில் துளையிட்ட காலணா வந்தது. பொருள் குறைந்து பணம் பெருகிய இந்த நிலையில் விலை ஏறாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

4. அட்டையும் அடங்கலும்

கட்டுப்பாட்டுக்கான சட்ட அதிகாரம் முன்பே தயாராக இருந்தது. 1939ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81ஆம் விதி, எந்தப் பொருளின் உற்பத்தி, விநியோகம், விலை ஆகியவற்றையும் ஆணை மூலம் ஒழுங்குபடுத்த இடம் தந்தது. 1941இல் சென்னையில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் இந்த அதிகாரத்தின் கீழ்தான். 1942 மே மாதத்தில் தானிய வணிகர்கள் உரிமம் பெறவும் இருப்பைக் காட்டவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். ஆண்டு இறுதியில் மத்திய அரசில் உணவுக்கென்று தனித்துறை அமைந்தது. 1943இல் வங்கப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது தியோடர் கிரெகரி தலைமையிலான உணவுதானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பங்கீட்டைப் பரிந்துரைத்தது. பம்பாய் அவ்வாண்டு மே மாதமே தொடங்கிவிட்டது. சென்னை நகரமும் அதே ஆண்டில் பங்கீட்டின் கீழ் வந்தது. பின்னர் அது சிறு நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. போர் முடிந்த வேளையில் மாகாணத்தின் பெரும்பகுதி ஏதோ ஒருவகைப் பங்கீட்டுக்குள் இருந்தது.

சட்டம் இருந்தால் போதாது. விளைச்சல் எவ்வளவு என்று தெரிய வேண்டும். இங்கே ரயத்துவாரி முறையின் பழைய எந்திரம் புதிய வேலைக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு புலத்திலும் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, விளைந்ததா பொய்த்ததா என்பதைக் கர்ணம் ஆண்டுதோறும் அடங்கலில் எழுதிவந்தார். நிலவரி தண்டுவதற்காக நூறாண்டுக்கு மேல் பேணப்பட்ட இந்தக் கணக்கு, இப்போது கொள்முதலுக்கு அடிப்படையாயிற்று. குடும்பத்துக்கும் விதைக்கும் பண்ணையாள் கூலிக்கும் விட்டுவைத்தது போக மீதியை நிர்ணயித்த விலைக்கு அரசுக்கோ அரசு நியமித்த வணிகருக்கோ தரவேண்டும். பட்டாமணியமும் கர்ணமும் வரி தண்டுபவர்களாக இருந்த நிலையிலிருந்து நெல் தண்டுபவர்களாகவும் மாறினார்கள்.

மறுமுனையில் குடும்ப அட்டை. வீடுவீடாகக் கணக்கெடுத்து, பெரியவர் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று எழுதி, ஒவ்வொரு அட்டையையும் ஒரு கடையோடு இணைத்தார்கள். அரிசியைத் தொடர்ந்து சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி ஆகியவையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. விநியோகத்துக்குத் தனியார் கடைகளோடு கூட்டுறவுச் சங்கங்களும் பயன்படுத்தப்பட்டன. 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் போன்றவை போர்க்காலத்தில் பெரிதும் விரிந்தன. நுகர்வோர் கூட்டுறவு இங்கே வளர்ந்ததில் இலட்சியத்தின் பங்கைக் காட்டிலும் பற்றாக்குறையின் பங்கு பெரிது.

இந்த ஏற்பாட்டின் நோக்கத்தில் மயக்கம் வேண்டாம். துறைமுகம், ரயில், பஞ்சாலை, படைத்தளவாடத் தொழிற்கூடம் ஆகியவை நிற்கக்கூடாது; நகரத்தில் கலவரம் வரக்கூடாது. பங்கீடு முதலில் பெருநகரங்களில் வந்ததற்கும், நிலமற்றோர் நிறைந்த கிராமங்களுக்குக் கடைசியில் போனதற்கும் காரணம் அதுவே.

5. வங்கத்தின் கதி சென்னைக்கு ஏன் வரவில்லை?

1943–44இல் வங்கத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டனர் என்பது இன்று ஆய்வாளர் பலரும் ஏற்கும் மதிப்பீடு. ஜான் உட்ஹெட் தலைமையிலான பஞ்ச விசாரணைக் குழு 15 லட்சம் என்று கணித்தது. அக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட், இன்னொருவர் சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி எஸ். வி. ராமமூர்த்தி. அய்க்ராய்ட் பிற்காலத்தில் அந்தக் கணிப்பு குறைவானது என்பதை ஒப்புக்கொண்டார். வெளியரிசியை இழந்த மாகாணம் சென்னையும்தான். ஆயினும் இங்கே அந்த அளவில் சாவு நிகழவில்லை. ஏன்?

முதல் விளக்கம் நிர்வாகத்தினுடையது. பம்பாய் ஆளுநரின் ஆலோசகராக உணவு நிர்வாகத்தை நேரில் அறிந்த ஹென்றி நைட், 1954இல் வெளியான தம் நூலில், முன்கூட்டியே கட்டுப்பாட்டில் இறங்கியதும் உறுதியாகச் செயல்பட்டதும் காப்பாற்றின என்ற தொனியில் எழுதுகிறார். இதில் உண்மை உண்டு. ஆனால் இது வென்றவர் எழுதிய அறிக்கை. நைட்டின் நூல் ஆணைகளின் வரலாறு. வரிசையில் நின்றவர்களின் வரலாறு அதில் இல்லை.

இரண்டாவது, மேலே சொன்ன நில நிர்வாக அமைப்பு. நிரந்தரச் செட்டில்மென்ட் நடந்த வங்கத்தில் அரசுக்கும் உழவருக்கும் நடுவே ஜமீன்தார் அடுக்குகள் இருந்தன. கிராம அளவில் நம்பத்தக்க பயிர்க்கணக்கு இல்லை. சென்னையில் இருந்தது. இந்த வாதத்தை ஒரு எச்சரிக்கையோடுதான் ஏற்க முடியும். சென்னை மாகாணத்திலும் ராமநாதபுரம், சிவகங்கை, வட சர்க்கார்கள் என்று பெரும் ஜமீன் பகுதிகள் இருந்தன. அங்கே பேரழிவு நேரவில்லை என்பதால் கணக்கு ஒன்றையே காரணமாக்க இயலாது.

மூன்றாவது, அமர்த்தியா சென்னின் விளக்கம். 1981இல் அவர் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, தானிய அளவைவிடத் தானியத்தைப் பெறும் ஆற்றல் வீழ்ந்ததே சாவுக்குக் காரணம் என்றார். கூலிக்காரர், மீனவர், கைவினைஞர் ஆகியோரின் வருமானம் அரிசி விலையைத் தொடர முடியவில்லை. இந்தக் கோணத்தில் பார்த்தால் சென்னையில் காப்பாற்றியது மொத்த இருப்பைவிட, விலையை ஒரு வரம்பில் நிறுத்தியதும் குறைந்தபட்ச அளவை உறுதி செய்ததும்தான். தஞ்சை போன்ற பகுதிகளில் பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டதும் விலையேற்றத்தின் நேரடித் தாக்குதலிலிருந்து ஓரளவு தடுத்திருக்கும்.

நான்காவது, வங்கத்துக்கே உரிய கேடுகள். ஜப்பானியர் கைக்குப் போகக்கூடாதென்று 1942இல் கடலோர மாவட்டங்களின் படகுகளும் அரிசியும் அகற்றப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் மிதுனாப்பூரைப் பெரும்புயல் தாக்கியது. கல்கத்தாவுக்கு முன்னுரிமை தந்து நாட்டுப்புறம் கைவிடப்பட்டது. மதுஸ்ரீ முகர்ஜி, ஜனம் முகர்ஜி ஆகியோர் லண்டனின் பொறுப்பையும் கல்கத்தாவின் பொறுப்பையும் வெவ்வேறு அழுத்தத்தில் நிறுவியிருக்கிறார்கள். ஒரு வேறுபாடு குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. வங்கத்தில் பஞ்ச விதித்தொகுப்பின்படி பஞ்சம் அறிவிக்கப்படவே இல்லை. 1942–43இல் பெல்லாரி, அனந்தப்பூர் முதலிய வறட்சி மாவட்டங்களில் சென்னை அரசு அத்தொகுப்பைப் பயன்படுத்தி நிவாரணப் பணிகளைத் திறந்தது.

நான்கு விளக்கங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, சென்னை தப்பியது திறமையால் மட்டுமன்று, கேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியாததாலும்தான் என்ற முடிவே பொருந்துகிறது. தப்பியது என்ற சொல்லையும் அளந்தே பயன்படுத்த வேண்டும். 1943இல் மலபாரில் பசியும் காலராவும் சேர்ந்து பெரும் உயிர்ச்சேதம் விளைவித்தன. திருவாங்கூரிலும் துயரம் கடுமையாக இருந்தது. மாகாணச் சராசரியின் பின்னே இந்தச் சாவுகள் மறைந்துவிடுகின்றன.

6. சுமை யார் தோளில்?

போர் பிரிட்டனில் வர்க்க இடைவெளியைக் குறைத்தது, இந்தியாவில் கூட்டியது என்பது காம்தேக்கரின் வாதம். அங்கே செல்வர் மீது வரி போட்டு எல்லோருக்கும் பங்கிட்ட அரசு, இங்கே பணவீக்கத்தின் மூலம் ஏழைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. சென்னை மாகாணத்துக்கு இது பெரும்பாலும் பொருந்துகிறது. சில திருத்தங்கள் தேவை.

விற்க உபரி வைத்திருந்த உழவருக்கு இது நல்ல காலம். பெருமந்தத்தில் கடனில் அமிழ்ந்தவர்கள் உயர்ந்த விலையில் விற்று, மதிப்பிழந்த ரூபாயில் பழங்கடனை அடைத்தார்கள். தமிழகக் கிராமப் பொருளாதாரத்தை 1955 வரை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பேக்கர், சந்தைக்கும் அரசுக்கும் இடையிலான உறவு இக்காலத்தில் அடியோடு திரும்பியதைக் காட்டுகிறார். கொள்முதல் விலை சந்தை விலையைவிடக் குறைவு என்று மிராசுதார்கள் குமுறினார்கள். ஆனால் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைக்கும் வசதியும் அவர்களுக்கே இருந்தது. அடங்கல் எழுதும் கர்ணமும் பெருநிலக்காரரும் ஒரே ஊரார். பல இடங்களில் உறவினர். சிறு விவசாயியின் நெல் முழுதாகக் கணக்கில் ஏறுவதும் பெரியவரின் களஞ்சியம் பாதியளவே ஏறுவதும் இந்த அமைப்பிலேயே பொதிந்த குறை.

வணிகர் நிலையும் அப்படியே. உரிமம் ஏற்கனவே தொழிலில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. புதியவர் நுழைய முடியாததால் உரிமமே ஒரு சொத்தாயிற்று. மாவட்ட எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி, எல்லைக்கு இருபுறமும் விலை வேறுபாட்டை உண்டாக்கி, அந்த வேறுபாட்டில் வாழும் ஒரு தொழிலையே படைத்தது. பதுக்கல், கள்ளச்சந்தை, கடத்தல் என்பவை நம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அன்றாடப் பேச்சானது இந்த ஆண்டுகளில்தான்.

சுமை விழுந்தது மாதச் சம்பளக்காரர், நூல் கிடைக்காமல் தறி நின்ற கைத்தறி நெசவாளர், காசுக் கூலி பெற்ற விவசாயத் தொழிலாளர் ஆகியோர் மீது. பர்மாவிலும் மலேயாவிலும் உறவினர் இருந்த குடும்பங்களுக்கு இன்னொரு இடி: ஜப்பான் வசமான நாடுகளிலிருந்து மணியார்டர் நின்றது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் அதே கிராமங்களுக்குத் திரும்பினார்கள். மலேயாவில் சிக்கியவர்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்தார்கள்.

எனினும் உழைப்பவர் வெறுமனே தாங்கிக்கொண்டிருக்கவில்லை. 1942 ஜூலையில் பொதுவுடைமைக் கட்சி மீதான தடை நீங்கியது. போரை ஆதரித்த அக்கட்சி உணவுக் குழுக்கள் அமைத்து, நியாயவிலைக் கடை திறக்கவும் பதுக்கலை வெளிக்கொணரவும் கோரியது. கீழத்தஞ்சையில் விவசாயச் சங்கம் வேரூன்றியதும் இதே வேளையில். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு, பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தருவதை நிறுத்த வழிசெய்தது. நெல்லுக்காக அரசே மிராசுதாரின் களத்துக்கு வந்து நின்ற காலத்தில், அந்தக் களத்தில் வேலை செய்தவர்களின் குரலுக்கும் புதிய கனம் கிடைத்தது என்பது என் கணிப்பு.

7. உணவில் நேர்ந்த மாற்றம்

அரிசி போதாதபோது கோதுமை, சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் அட்டையில் ஏறின. நெல்வயல் சூழ்ந்த ஊர்களில் கோதுமை அயல் பொருள். அதை எப்படிச் சமைப்பது என்பதே கேள்வி. மலையாளப் பகுதியில் முன்பே பரவியிருந்த மரவள்ளிக்கிழங்கு இப்போது சோற்றுக்கு நேரான உணவாயிற்று. கடல்வழி ஜவ்வரிசி நின்றதும் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் பிறந்தது. அது இன்றும் அம்மாவட்டத்தின் அடையாளம். பெங்களூரில் ரவா இட்லி தோன்றியதற்கும் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டையே காரணமாகச் சொல்வதுண்டு.

அளவின் கதை கடுமையானது. மழை பொய்த்து நெருக்கடி முற்றிய 1946இல் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 12 அவுன்ஸாகக் குறைக்கப்பட்டது. அதாவது ஏறத்தாழ 340 கிராம். 1,200 கலோரி அளவு. பருப்பும் எண்ணெயும் காயும் வாங்க இயன்றவருக்கு இது குறைவு. இயலாதவருக்கு இது அரைப்பட்டினி. ஒரே அளவு என்பதில் சமத்துவம் இருந்தது. ஒரே அளவு உழைப்பாளிக்கும் உத்தியோகஸ்தருக்கும் ஒரே பொருள் தரவில்லை.

8. போர் முடிந்தும் முடியாத கட்டுப்பாடு

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. பாதுகாப்பு விதிகள் காலாவதியாக வேண்டியிருந்ததால் 1946இல் இன்றியமையாப் பொருள்கள் தற்காலிக அதிகாரச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தற்காலிகம் என்று பெயரிலேயே இருந்த அச்சட்டத்தின் இடத்தை 1955இல் இன்றியமையாப் பொருள்கள் சட்டம் நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. வாடகைக் கட்டுப்பாடும் அதே வழியில் போர் ஆணையிலிருந்து சட்டமன்றச் சட்டமாயிற்று.

கட்டுப்பாடு வேண்டுமா என்ற விவாதம் சுதந்திரத்தின் முதல் ஆண்டிலேயே சூடானது. கட்டுப்பாடு பொய்யையும் லஞ்சத்தையும் வளர்க்கிறது என்று காந்தியடிகள் எதிர்த்தார். 1947 டிசம்பரில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. விலை பாய்ந்து ஏறியது. 1948இல் மீண்டும் வந்தது. 1952இல் முதலமைச்சரான ராஜாஜி, பதவியேற்ற சில மாதங்களுக்குள் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். அது பரவலாக வரவேற்கப்பட்டது. 1954க்குள் நாடு முழுவதும் நீங்கியது.

பங்கீட்டை மக்கள் உரிமையாக ஏற்றார்கள், ஆகவே அது தொடர்ந்தது என்று நேர்கோட்டில் எழுதுபவர்களுக்கு 1952 ஒரு தடைக்கல். அதே மக்கள் அதன் நீக்கத்தைக் கொண்டாடினார்களே? இந்த முரணுக்கு விடை, போர்க்கால அமைப்பை ஒன்றாகப் பார்க்காமல் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஒரு பாதி கொள்முதல்: களத்தில் நெல்லை எடுத்தல், வழியில் மூட்டையை மறித்தல், உரிமம், சோதனை, லஞ்சம். மறுபாதி அட்டை: குறித்த விலையில் குறித்த அளவு கிடைக்கும் என்ற உறுதி. மக்கள் வெறுத்தது முதல் பாதியை. நல்ல விளைச்சல் வந்த 1950களில் இரண்டாம் பாதியின் தேவையும் குறைந்ததால் இரண்டும் ஒன்றாகப் போயின. 1960களின் நடுவில் பற்றாக்குறை திரும்பியபோது அட்டையின் நினைவு உயிர்த்தது. 1965 ஜனவரியில் தொடங்கிய இந்திய உணவுக் கழகத்தின் தலைமையகம் முதலில் சென்னையில் அமைந்ததும், அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில் திறக்கப்பட்டதும் அந்த நெருக்கடியின் பின்னணியில்தான். 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. வென்றபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தந்தது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆலோசகர்கள் ஆணையாகப் பிறப்பித்ததை, கால்நூற்றாண்டுக்குப்பின் வாக்காளர் கோரிக்கையாகப் பெற்றார்கள். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது.

9. முடிவுரை

இவ்வளவையும் தொகுத்து ஒரு முடிவுக்கு வரலாம். போர் சென்னை மாகாணத்துக்குப் பற்றாக்குறையைத் தந்தது. அதைக் கையாள, பசியைப் பற்றிய அரசின் சிந்தனையையே மாற்றியது. பஞ்ச விதித்தொகுப்பு, வறியவரைச் சோதித்துப் பிரித்தெடுத்து உதவும் ஏற்பாடு. பங்கீடு, மொத்தச் சரக்கையும் மொத்த வாய்களையும் எதிரெதிரே வைத்துக் கணக்கிடும் ஏற்பாடு. அதில் நீ ஏழையா என்ற கேள்வி இல்லை. கருணை இல்லாததாலேயே அந்தக் கேள்வியும் எழவில்லை. போரை நடத்த எல்லோரையும் எண்ண வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து இலக்கு சார்ந்த பொது விநியோக முறையைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் அனைவருக்குமான முறையைத் தொடர்ந்தது. இதற்குத் திராவிட அரசியலையும் தேர்தல் போட்டியையும் காரணமாகக் கூறுவது சரியே. அவை இல்லாவிட்டால் 1952இல் அறுந்த இழை மீண்டும் கட்டப்பட்டிருக்காது. ஆனால் அந்த அரசியல் கையில் எடுத்த கருவியின் வடிவம், குடும்பத்துக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு கடை, தலைக்கு ஓர் அளவு என்பது, 1943இல் வார்க்கப்பட்டது. இலக்கு சார்ந்த முறை சிந்தனையளவில் பஞ்ச விதித்தொகுப்பின் வழித்தோன்றல். அனைவருக்குமான முறை போர்க்காலப் பங்கீட்டின் வழித்தோன்றல்.

காலனி அரசுக்கு இதில் நன்றி சொல்ல ஏதுமில்லை. வங்கத்தில் 30 லட்சம் பேரைச் சாகவிட்டதும் இதே அரசு. மலபாரின் சாவுகளைத் தடுக்காததும் இதே அரசு. எல்லோரையும் எண்ணும் முறையை அது தன் தேவைக்காக உருவாக்கியது. அந்த எண்ணிக்கையில் இடம்பெற்றவர்கள் வாக்குரிமை பெற்றபின், அதைத் தம் தேவைக்காக வைத்துக்கொண்டார்கள். இன்று ரேஷன் கடையைச் சலுகை என்றும் இலவசம் என்றும் இழித்துப் பேசுவோர், அதன் பிறப்பில் சலுகைக்கு இடமே இருக்கவில்லை என்பதை இந்த வரலாற்றிலிருந்து அறிந்துகொள்ளலாம்.